21 அடியை 7 என்று சொல்லிவிட்டேன்

கேள்வி: குகைவாசி
நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம்; ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. டி.எம்., அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துகிறவன், நான். சித்தி மகனுக்கு இதுதான் முதல் ஆட்டம். தன் பாத்திரமான மந்திரவாதிக்கு ஒரு வாரம் உட்கார்ந்து வம்ச வரலாறெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தான். முதல் குகையிலேயே பக்பேர் என்ற ஓர் அரக்கன் முள் பதித்த தடியை வீசினான். மறைப்பு அட்டைக்குப் பின்னால் இருபதுமுகப் பகடையை உருட்டினேன்: 20. அது விழுந்தால் அடியின் பகடைகள் இரட்டிக்கும்: இரண்டு எட்டுமுகப் பகடைகளுக்குப் பதில் நான்கு. எல்லாம் கூட்டினால் அடியின் அளவு 21; உயிரில் அவ்வளவு குறையும். அவனுடைய மொத்த உயிரே 7. மிச்சமுள்ள 14 அந்த முழு அளவையே தாண்டிவிட்டதால், சாவா பிழைப்பா என்று உருட்டிப் பார்க்கும் வாய்ப்புகூடக் கிடையாது. "7 அடி, மயங்கி விழுகிறாய்" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த தோழி பகடையைப் பார்த்திருக்கிறாள். கிளெரிக்காக, அதாவது காயம் ஆற்றும் பூசாரியாக, ஆடும் அவள்தான் தன் கடைசி மந்திரத்தைச் செலவழித்து அவனை எழுப்பியவள். மூன்று வாரம் கழித்து இப்போது கேட்கிறாள்: "நான் விழுந்தாலும் கணக்குத் தப்புமா?" என்ன சொல்வது?

பதில்: பழையபகடை
பகடையை மீற டி.எம்.முக்கு உரிமை உண்டு என்று 1979 வழிகாட்டி நூலிலேயே இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கைகாக்ஸ் எழுதிவிட்டார். அது இருக்கட்டும். உங்களுக்குப் பொய்யே தேவைப்படவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அடித்து உயிரைப் பூஜ்யமாக்குகிறவர், கொல்லாமல் மயக்கத்தோடு நிறுத்தலாம் என்று 2014 விதிநூலிலேயே இருக்கிறது. அடி விழுந்த கணத்தில் முடிவெடுத்தால் போதும். பக்பேருக்குப் பிணையாள் வேண்டும் என்று சொல்லி, 21ஐயும் மேசையில் வைத்திருக்கலாம். எவ்வளவு நல்ல காட்சியை விட்டுவிட்டீர்கள்!

பதில்: எவர்சில்வர்
எங்கள் மேசையில் மறைப்பு அட்டை கிடையாது. சாப்பாட்டுத் தட்டில் உருட்டுகிறோம். "டங்" என்று விழுந்ததும் எல்லோரும் எட்டிப் பார்ப்போம். முதல் இரண்டு நிலைகளில் ஒரே அடியில் சாவு இல்லை என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிக்கொண்டோம். விதியை வளைப்பதில் எனக்குக் குறையே இல்லை, உருட்டிய பிறகு வளைத்தால்தான் எரிச்சல். தோழியிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவருடைய மந்திரமும் அந்தக் கணக்கில் செலவானதுதானே.

பதில்: மூன்றாம்மாடி
ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஆட்டம் நடத்துகிறேன். மறைத்துத்தான் உருட்டுகிறேன், இனியும் அப்படித்தான்.

குகைவாசி
நேற்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். பிணையாள் விதியை நான் படித்ததே இல்லை என்பதையும் சேர்த்து. தோழி சிரித்துவிட்டாள். தம்பிதான் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அண்ணா, போன வாரம் நான் அந்த ஓநாயைக் கொன்றேனே, அதுவும் நீங்கள் விட்டுக்கொடுத்ததா?"

இல்லை என்றேன். அது உண்மை. அவன் நம்பிய மாதிரித் தெரியவில்லை. சமையலறையிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்து மேசையில் வைத்திருக்கிறேன்.