ராம் 1500 ரெவ் மின்சாரப் பிக்கப்புக்கு முன்பதிவு செய்திருந்தேன், இப்போது என்ன செய்வது? உதவி தேவை

டல்லாஸ் கேட்டரிங் (நவம்பர் 2025)

வணக்கம் நண்பர்களே. டல்லாஸ் பக்கம் சின்னதாக ஒரு கேட்டரிங் தொழில் நடத்துகிறேன். சமையல் டிரெய்லர் ஒன்று இருக்கிறது, பாத்திரம் பண்டத்தோடு சேர்த்து 6,500 பவுண்டு வரும். பெரும்பாலும் உள்ளூர் வேலைதான். கோயில் விசேஷம், கல்யாண சீசன் என்றால் ஹூஸ்டனுக்கும் ஆஸ்டினுக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஹூஸ்டன் ஒரு வழி 240 மைல்.

2023 பிப்ரவரியில் ராம் டிரக் கம்பெனி தன் 1500 ரெவ் மின்சாரப் பிக்கப்புக்கு முன்பதிவைத் திறந்தபோது 100 டாலர் கட்டினேன். அந்த ஏப்ரலில் நியூயார்க் கார் கண்காட்சியில் சொன்ன விவரங்கள் என் தொழிலுக்கே அளவெடுத்த மாதிரி இருந்தன. பெரிய பேட்டரி 229 கிலோவாட் அவர் (சேமித்து வைக்கும் மின்சாரத்தின் அளவு), முழு சார்ஜில் ஓட்டம் 500 மைல். டிரெய்லர் மாட்டினால் பாதியாகும் என்று வைத்துக்கொண்டாலும் ஹூஸ்டன் வரை எங்கும் நிற்காமல் போய்விடலாம். பின்பெட்டியில் 7.2 கிலோவாட் வரை கரண்ட் எடுக்கலாம் என்றார்கள். கிரைண்டர், இரண்டு ஃப்ரிட்ஜ், விளக்கு எல்லாம் அதில் ஓடும். பள்ளி வளாகத்தில் ஜெனரேட்டர் போட்டால் சத்தத்துக்கும் புகைக்கும் முகம் சுளிக்கிறார்கள், அந்தத் தொல்லையும் தீரும் என்று நம்பினேன்.

2024 கடைசியில் வரும் என்று ஆரம்பித்தது 2026 ஆகி, 2027 ஆகி, கடைசியில் 2025 செப்டம்பரில் முழு மின்சாரப் பிக்கப்பையே கைவிடுவதாக ராமின் தாய் நிறுவனமான ஸ்டெலாண்டிஸ் அறிவித்தது. ராம்சார்ஜர் என்று சொல்லிவந்த, பெட்ரோல் எஞ்சின் வைத்த வண்டிக்கு ரெவ் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

என் பழைய பிக்கப்பின் கியர்பாக்ஸ் வெயிலில் டிரெய்லர் இழுக்கும்போது வழுக்குகிறது. அடுத்த கோடையைத் தாண்டாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். பெயர் மாறிய ரெவ்வுக்குக் காத்திருக்கலாமா? 2023-லேயே பணம் கட்டியதால் மின்சார வண்டிக்கான 7,500 டாலர் வரிச்சலுகை எனக்குக் கிடைக்குமா? பக்கத்து டீலர் ஒருவர், 5,000 டாலர் முன்பணம் கட்டினால் வரிசையில் முதல் இடம் என்கிறார். கட்டலாமா?

வரிக்கணக்கு அக்கா

தம்பி, முதலில் அந்த 5,000-ஐக் கட்டாதீர்கள். விலையும் அச்சாகவில்லை, வண்டியின் அடையாள எண்ணும் இல்லை. அந்த நிலையில் டீலருக்குப் போகும் பணத்துக்கு உங்கள் கையில் மிஞ்சுவது ரசீது மட்டும்தான். திருப்பித் தருவோம் என்று எழுத்தில் கொடுத்தால் யோசிக்கலாம், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

வரிச்சலுகை கிடைக்காது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, செப்டம்பர் 30-க்குப் பிறகு வாங்கிய வண்டிகளுக்கு அந்த 7,500 இல்லை. அந்தத் தேதிக்குள் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எழுதி, ஏதாவது பணமும் கட்டியிருந்தால் பிறகு டெலிவரி எடுத்தாலும் கேட்கலாம். நீங்கள் கட்டிய 100 டாலர், எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடிய பணம். அது ஒப்பந்தம் ஆகாது.

தொழிலுக்கு வாங்குவதால் வேறு வழி இருக்கிறது. மொத்த எடைத் தகுதி (சுமையோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த எடை) 6,000 பவுண்டுக்கு மேல் உள்ள வண்டியை, 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கியிருந்தால், தொழில் பயன்பாட்டுக்கு உரிய பங்கு முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழிக்கலாம். பெட்ரோலா மின்சாரமா என்ற பேதமே அதில் கிடையாது. பழைய வண்டியாக இருந்தாலும் உங்களுக்குப் புதிதாக வந்தால் போதும். மைல் கணக்கு நோட்டை மட்டும் ஒழுங்காக வைத்திருங்கள், விவரத்தை உங்கள் கணக்காளரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மிச்சிகன் மணி

வாகன உதிரிபாகத் துறையில் இருக்கிறேன். ரெவ் ஏன் வரவில்லை என்பது புரிந்தால் காத்திருப்பதா என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

2024-இல் பேட்டரிப் பொதியின் உலகச் சராசரி விலை ஒரு கிலோவாட் அவருக்கு 115 டாலர் என்று புளூம்பெர்க் கணக்கிட்டது. 229-ஐ அதனால் பெருக்கினால் 26,000 டாலருக்கு மேல் பேட்டரிக்கே போகிறது. அடிச்சட்டம், மோட்டார், பாடி, உழைப்பு எல்லாம் அதற்கு மேல். இழுவைக்குப் போதுமான பேட்டரி வைத்தால் வாங்குபவர்களுக்கு விலை எட்டாது. எட்டும் விலைக்குக் குறைத்தால் இழுவைக்குப் பேட்டரி பத்தாது. பெரிய மின்சாரப் பிக்கப் செய்யும் எல்லா நிறுவனங்களும் இந்த முடிச்சில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. போதாததற்கு அக்கா சொன்ன அதே ஜூலைச் சட்டம், எரிபொருள் சிக்கன அளவைத் தவறவிடும் கம்பெனிகளுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது. நஷ்டத்துக்காவது மின்சார வண்டி விற்கவேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. ராமே 2026 மாடலில் ஹெமி வி8 பெட்ரோல் எஞ்சினைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது, கவனித்திருப்பீர்கள்.

ராம்சார்ஜராக இருந்து ரெவ் ஆன வண்டியைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். 92 கிலோவாட் அவர் பேட்டரி, 3.6 லிட்டர் வி6 எஞ்சின். அந்த எஞ்சின் சக்கரத்தைத் தொடவே தொடாது, 130 கிலோவாட் ஜெனரேட்டரைச் சுற்றுவது மட்டும்தான் அதன் வேலை. மின்சாரத்தில் மட்டும் 145 மைல், பெட்ரோலோடு சேர்த்து 690 மைல் என்பது கம்பெனியின் இலக்கு. உங்கள் டிரெய்லரைச் சமதளத்தில் 65, 70 மைல் வேகத்தில் இழுக்க மணிக்கு 65 முதல் 75 கிலோவாட் அவர் செலவாகும் என்பது என் மதிப்பு. ஜெனரேட்டர் அதைத் தாங்கும். கொலராடோ மலையேற்றம் என்றால் பேட்டரி மெல்ல இறங்கும், டெக்சஸில் அந்தக் கவலை இல்லை. உங்கள் தொழிலுக்கு நீங்கள் முதலில் பதிவு செய்ததைவிட இதுவே பொருத்தம். ஆனால் இதன் தேதியும் ஏற்கனவே தள்ளித் தள்ளி வந்ததுதான். இதை நம்பி அடுத்த கோடைக்கான ஆர்டர்களை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சிவப்பு லைட்னிங்

என்னிடம் ஃபோர்டின் மின்சாரப் பிக்கப்பான எஃப்-150 லைட்னிங் இருக்கிறது, பெரிய பேட்டரி, 131 கிலோவாட் அவர். குடும்பத்தோடு கேம்பர் (தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) இழுத்துப் போகிறோம். வண்டியை அவ்வளவு பிடிக்கும், அதனாலேயே உண்மையைச் சொல்கிறேன்.

தனியாக ஓட்டினால் 320 மைல் என்பது அரசு மதிப்பீடு. செங்குத்தான முகம் கொண்ட டிரெய்லரை மாட்டினால் ஒரு கிலோவாட் அவருக்கு ஒரு மைல், கொஞ்சம் கூட. முழு சார்ஜில் கிளம்பினால் 130 மைல் போகலாம். அதற்குப் பிறகுதான் சிக்கலே. நெடுஞ்சாலையில் 10-லிருந்து 80 சதவீதம் வரைக்கும்தான் வேகமாக ஏறும், ஆகவே அடுத்தடுத்த நிறுத்தங்களுக்கு இடையே 90 மைல்தான் கிடைக்கும். பல சார்ஜர்களில் டிரெய்லரோடு நுழையவே முடியாது, ஹிட்சை (வண்டியோடு டிரெய்லரை மாட்டும் கொக்கி) கழற்றி, டிரெய்லரை ஓரமாக நிறுத்திவிட்டுப் போக வேண்டும். கேம்பரை அப்படி விட்டுப் போகலாம். சாம்பார் அண்டாவும் மாவும் இருக்கிற டிரெய்லரை, மாலை ஐந்து மணிக்குப் பந்தி இருக்கும்போது விட்டுப் போவீர்களா?

எடையில் இன்னொன்று. எவ்வளவு இழுக்கும் என்று விளம்பரத்தில் வருகிற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படியுங்கள், வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று அதில் இருக்கும். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் இறங்கும். உங்களுக்கு அது 650-லிருந்து 975 பவுண்டு. அதோடு நாலு ஆள், பின்பெட்டியில் அரிசி மூட்டை. கூட்டிப் பாருங்கள், மின்சார பிக்கப்புகளில் அந்த எண் சட்டென்று தீர்ந்துபோகும்.

ஆஸ்டின் பாலா

நான் மாற்றிச் சொல்கிறேன். மின்சாரமே வேண்டும் என்றால் இன்றைக்கே வண்டி இருக்கிறது. 2024 செவ்ரலே சில்வராடோ இவி மின்சாரப் பிக்கப்பின் வேலை மாடலில் பெரிய பேட்டரிக்கு 450 மைல் என்பது அரசு மதிப்பீடே. பாதியாக்கினால் 225. ஆஸ்டின் நிற்காமல், ஹூஸ்டன் ஒரு சின்ன நிறுத்தத்தோடு. பத்து கிலோவாட் வரை வெளியே கரண்ட் கொடுக்கும் வசதியும் அந்த வரிசையில் உண்டு, வாங்கும் வண்டியில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் முழு மின்சார வண்டிக்கு ஆண்டுக்கு 200 டாலர் கூடுதல் பதிவுக் கட்டணம், புது வண்டியென்றால் முதலில் 400. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸ் கேட்டரிங்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, 5,000 கட்டவில்லை. பாலா, சில்வராடோ பார்த்தேன், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஹூஸ்டனில் இறக்கிவிட்டு நாள் முழுக்கக் கரண்டும் எடுத்து, ராத்திரியே திரும்ப வேண்டும். அந்த மைதானங்களில் சார்ஜர் கிடையாது.

மணி அண்ணா, ரெவ் பெயரைக் கேட்டாலே இன்னமும் மனசு இழுக்கிறது. அது வந்து, ஒரு வருடம் மற்றவர்கள் ஓட்டிப் பார்க்கும்வரை தாக்குப்பிடிக்க இப்போதைக்கு ஏதாவது வாங்கலாமா?

மிச்சிகன் மணி

வாங்குங்கள். அதுதான் சரி. புது மாடலின் முதல் ஆண்டு வண்டியைத் தொழிலுக்கு வாங்குவது எனக்கு எப்போதுமே உடன்பாடில்லை. வந்த பிறகும் சொன்னபடி இருக்கும் என்று நிச்சயமில்லை. டெஸ்லா தன் சைபர்டிரக் மின்சாரப் பிக்கப்பை 2019 நவம்பரில் காட்டியபோது 39,900 டாலரில் தொடங்கும், உச்ச மாடல் 500 மைல் ஓடும் என்றார்கள். 2023 நவம்பர் 30-இல் டெலிவரி தொடங்கியபோது அறிவித்த தொடக்க விலை 60,990, கூடுதல் பேட்டரி வாங்காவிட்டால் அதிகபட்ச ஓட்டம் 340 மைல். லார்ட்ஸ்டவுன் கம்பெனியின் எண்டூரன்ஸ் மின்சாரப் பிக்கப்புக்குக் காத்திருந்தவர்கள் 2023 ஜூனில் கம்பெனி திவாலானதைத்தான் பார்த்தார்கள்.

பழைய ஃபோர்ட் எஃப்-150 பவர்பூஸ்ட் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது) தேடுங்கள். 7.2 கிலோவாட் வெளியீடு உள்ளதா என்று பின்பெட்டியைத் திறந்து பாருங்கள், 2.4 மட்டும் உள்ளவையும் விற்பனைக்கு வரும். 30.6 கேலன் டாங்க். இழுவையில் கேலனுக்கு 10 மைல் கிடைத்தாலும் ஹூஸ்டன் தாண்டிவிடும். கரண்ட் எடுக்கும்போது எஞ்சின் தேவைப்பட்டால் தானாக ஓடி, பிறகு நின்றுவிடும். தனி ஜெனரேட்டர் அளவுக்குச் சத்தம் இராது. வாங்குமுன் உங்கள் டிரெய்லரையே டீலரிடம் கொண்டுபோய் மாட்டி நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

அந்த 100 டாலரையும் எழுத்தில் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாறிய வண்டிக்கு உங்கள் இடம் செல்லுமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

சிவப்பு லைட்னிங் (டிசம்பர் 2025)

செய்தி பார்த்தீர்களா? இப்போதுள்ள மின்சார லைட்னிங் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக ஃபோர்ட் அறிவித்துவிட்டது. அடுத்த லைட்னிங்கிலும் பெட்ரோல் ஜெனரேட்டர்தானாம், 700 மைலுக்கு மேல் என்கிறார்கள். மணி அண்ணா சொன்ன அதே கணக்கு. என் வண்டியை நான் விடப்போவதில்லை, ஆனால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

டல்லாஸ் கேட்டரிங்

பவர்பூஸ்ட் வாங்கிவிட்டேன், 7.2 உள்ளதுதான். இழுவை அருமை. ஒரே பிரச்சினை: டிரெய்லர் ஒயரை 240 வோல்ட் பிளக்கில் செருகியதும் டப்பென்று டிரிப் ஆகிறது. எந்த சாதனமும் ஆன் செய்யாமலே. பழைய ஜெனரேட்டரில் இப்படி ஆனதில்லை. வண்டியில் கோளாறா?

மிச்சிகன் மணி

பெரும்பாலும் வண்டியில் கோளாறு இருக்காது. பிக்கப்பின் உள்ளேயே நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்கும், பிளக்கில் கசிவுப் பாதுகாப்பும் உண்டு. உங்கள் டிரெய்லர் பேனலிலும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். இரண்டு இடத்தில் இணைந்தால் மின்னோட்டத்தின் ஒரு பங்கு எர்த் வழியாகத் திரும்பும், அதைக் கசிவு என்று பிளக் நினைத்து வெட்டிவிடும். எர்த் ஒயரை வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஸ்டீல் மேடையில் ஈரக் கையோடு வேலை செய்கிறீர்கள். டிரெய்லர் பேனலில் நியூட்ரல் பட்டையைத் தனியாகப் பிரிக்க ஒரு எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. பிரித்த பிறகும் டிரிப் ஆனால், எல்லா பிரேக்கரையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எந்த சாதனத்தில் உண்மையான கசிவு என்று தெரிந்துவிடும்.

டல்லாஸ் கேட்டரிங்

பேனலில் பச்சைத் திருகு ஒன்றுதான் இரண்டையும் இணைத்திருந்தது. எலக்ட்ரீஷியன் கழற்றிவிட்டார். கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் சேர்ந்தே ஓடுகின்றன. மிக்க நன்றி அண்ணா.