கிராஃப் பாதிதான் காட்டுகிறது, லைனோ நிரம்பி வழிகிறது. வார்டனுக்கு எப்படிப் புரியவைப்பது?

பேட்ச்கார்டு கேட்டது:
ஒரு கல்லூரி விடுதியின் நெட்வொர்க் என் பொறுப்பு. 200 எம்பிபிஎஸ் இன்டர்நெட் லைன். லைனில் எவ்வளவு டிராஃபிக் ஓடுகிறது என்று வரைந்து காட்டும் எம்ஆர்டிஜி மென்பொருளின் கிராஃப்களை எல்லோரும் பார்க்கும்படி ஒரு பக்கத்தில் போட்டுவைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது என்று பையன்கள் வார்டனிடம் போகிறார்கள். அவர் வார கிராஃபைத் திறந்துவைத்துக்கொண்டு, "110ஐத் தாண்டலையே, மீதி 90 எங்க தம்பி?" என்கிறார். தீபாவளி லீவில் பத்துப் பேர்தான் இருந்தார்கள், கிராஃப் மலை மாதிரி நின்றது. யாரோ லைனைத் திருடுகிறார்கள் என்று விசாரணையே நடந்தது. பார்த்தால் வெறும் 3 எம்பிபிஎஸ்! இதை எப்படித்தான் சரிசெய்வது?

பழைய_மோடம்:
தம்பி, 1995ல் டோபியாஸ் ஓட்டிக்கர் எம்ஆர்டிஜியை எழுதியதே ஒரு பல்கலைக்கழகத்தின் 64 கேபிபிஎஸ் லைனைப் பார்க்கத்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து அதன் சராசரியைத்தான் அது வரையும், அன்றைக்கு அது போதும். உங்கள் லைனில் இரண்டு நிமிடம் முழு 200, மூன்று நிமிடம் 50 என்று ஓடினால் சராசரி என்ன? 110. வார்டன் பார்த்த அதே எண். வார கிராஃப் இன்னும் மோசம், ஒரு புள்ளிக்கு அரை மணி நேர சராசரி. எம்ஆர்டிஜி அமைப்பில் வித்பீக் என்ற வரியைப் போட்டால் உச்சமும் தெரியும். ஆனால் அது ஐந்து நிமிட சராசரிகளின் உச்சம்தான். அளவுகளைச் சேமித்து வரையும் ஆர்ஆர்டிடூலுக்கு மாறி நிமிடத்துக்கு ஒருமுறை அளவு எடுங்கள்.

மலை சமாச்சாரம் எளிது. இருக்கிற டிராஃபிக்குக்கு ஏற்ப அளவுகோல் தானாகச் சுருங்கிவிடுகிறது. அமைப்பில் அன்ஸ்கேல்டு போட்டு உச்சியை 200லேயே நிறுத்துங்கள். லைனின் உச்ச வேகத்தைச் சொல்லும் மேக்ஸ்பைட்ஸ் வரி பிட்டில் அல்ல, பைட்டில் கேட்கும். எட்டு பிட் ஒரு பைட், அதனால் 2,50,00,000 கொடுக்க வேண்டும். இதில் நான் ஒருமுறை எட்டு மடங்கு தப்பு செய்து அசிங்கப்பட்டிருக்கிறேன்.

நைட்_ஷிஃப்ட்:
ரவுட்டரின் எந்த போர்ட்டில் அளவு எடுக்கிறீர்கள்? விடுதிப் பக்கத்து போர்ட் என்றால் 'இன்' என்பது பையன்கள் மேலே ஏற்றுவது. ரவுட்டருக்குள் வருவதுதானே அதற்கு 'இன்'! கிராஃபுக்குக் கீழே வரும் லெஜண்டில் டவுன்லோடு, அப்லோடு என்றே எழுதிவிடுங்கள். அப்புறம் கிராஃபை வலப்பக்கம் வளரவைக்கும் க்ரோரைட் வரியை மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் புதிய நேரம் இடது ஓரத்தில் வரும், பார்க்கிறவர் நாளைத் தலைகீழாகப் படிப்பார்.

லேன்_ராசா:
இவ்வளவு எதற்கு? கிராஃபைத் தூக்கிவிட்டுப் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு வையுங்கள்.

நைட்_ஷிஃப்ட்:
எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும், ராசா.

பேட்ச்கார்டு:
நன்றி அண்ணா, எல்லோருக்கும்தான். விடுதிப் பக்கத்து போர்ட்டேதான்! மூன்று வருஷமாக அப்லோடை டவுன்லோடு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது நிமிடக் கணக்கு, 200ல் ஒரு தடித்த கோடு, அதன்மேல் 'லைன் இவ்வளவுதான்' என்று தமிழிலேயே எழுத்து. சராசரி அடர் நீலம், உச்சம் வெளிர் நீலம். வார்டன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பத்து மணிக்குக் கூரையில முட்டிக்கிட்டு நிக்குதே, இத ஏன் முன்னாடியே காட்டல?" என்றார். 300க்குக் கொட்டேஷன் வாங்கச் சொல்லியிருக்கிறார்.