ஐ5-6300யூ, ஐ5-7300யூ: பழைய மடிக்கணினியில் எதை எடுப்பது?

கேள்வி – சுங்கை சிப்புட் கிராணி

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். படிவம் 4 படிக்கும் மகளுக்கு ஒரு மடிக்கணினி வாங்க வேண்டும். புதிது வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லை. ஆகவே பட்டணத்தில் பழைய கணினிகள் விற்கும் ஒரு கடையில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

இரண்டுமே நிறுவனங்களில் ஓடித் திரும்பிய லெனோவோ திங்க்பேட் மடிக்கணினிகள். ஒன்று டி460, அதில் இன்டெல் கோர் ஐ5-6300யூ பிராசஸர், விலை 550 வெள்ளி (ரிங்கிட்). மற்றது டி470, அதில் ஐ5-7300யூ இருப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார், விலை 720 வெள்ளி. இரண்டிலும் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. உள்ளன. மகளுக்குக் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா வழியாக வரும் கூகள் வகுப்பறை, பாடக் காணொளிகள், கட்டுரைகளும் படவில்லைகளும் தயாரிப்பது, தமிழ்த் தட்டச்சு ஆகியவைதான் வேலை. இரவில் நான் கோயில் கணக்கை எக்செலில் எழுதுவேன். விளையாட்டு எதுவும் கிடையாது.

170 வெள்ளி எங்கள் வீட்டில் சிறிய தொகை அன்று. ஒரு தலைமுறை கூடிய பிராசஸருக்காக அதைக் கொடுப்பது தகுமா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இங்கே பிற்பகலில் இடியுடன் மழை பிடித்தால் மின்சாரம் போய்ப் போய் வரும்.

மறுமொழி 1 – ஈப்போவில் பழுது பார்ப்பவர்

வணக்கம் ஐயா. முதலில் பிராசஸரை மட்டும் பேசுவோம். 6300யூ 2015-இல் வந்த ஸ்கைலேக் குடும்பம், அதாவது ஆறாம் தலைமுறை; 7300யூ 2017 தொடக்கத்தில் வந்த கேபி லேக், அதாவது ஏழாம் தலைமுறை. இரண்டிலும் 2 கோர், 4 திரெட், 3 எம்பி கேஷ், 15 வாட் என்று அளவுகள் ஒன்றாகவே இருக்கின்றன. உள்ளே கணக்குப் போடும் அமைப்பும் மாறவில்லை என்பதால், இரண்டையும் ஒரே வேகத்தில் ஓடவிட்டால் ஏறத்தாழச் சமமாகவே வேலை செய்யும். இன்டெல் அதே 14 நானோமீட்டர் தயாரிப்பு முறையைச் செம்மைப்படுத்தி வேகத்தை உயர்த்தியது. மாற்றம் பெரும்பாலும் அவ்வளவுதான். 6300யூவின் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.0. 7300யூவுக்கு அடிப்படை 2.6, உச்சம் 3.5. கணக்குப்படி உச்சத்தில் ஆறில் ஒரு பங்கு கூடுதல். எக்செலிலும் உலாவியிலும் அதைக் கை உணர்வது அரிது.

அந்தக் கூடுதல் வேகமும் கணினி குளிர்ந்திருந்தால்தான் கிடைக்கும். போன மாதம் ஒரு தோட்டத்திலிருந்து வந்த மடிக்கணினியைத் திறந்தேன். விசிறிக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையில் செம்மண் தூசியும் நூலும் சேர்ந்து கம்பளித் துண்டுபோலப் படிந்திருந்தது. சாமணத்தால் எடுத்தபோது முழுதாகக் கழன்று வந்தது. பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. 100 பாகை செல்சியஸ் வரம்பை நெருங்கும்போது இந்தப் பிராசஸர்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் 7300யூவைவிடத் துப்புரவு செய்து புதுப் பேஸ்ட் பூசிய 6300யூ நன்றாக ஓடும். எதை வாங்கினாலும் முதலில் இந்த வேலையைச் செய்துகொள்ளுங்கள்.

ஆயினும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் டி470-ஐத்தான் எடுப்பேன். அதற்குக் காரணம் பிராசஸர் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் உடல். டி460-இல் யூஎஸ்பி-சி கிடையாது; டி470-இல் உண்டு, அதன் வழியாகவே சார்ஜும் ஏற்றலாம், பழைய நீள்சதுர முனைச் சார்ஜரையும் செருகலாம். டி460 பழைய டிடிஆர்3எல் ரேம் கேட்கும். டி470-இன் டிடிஆர்4 ரேமை நாளை அடுத்த கணினிக்கும் மாற்றிக்கொள்ளலாம். டி470-இல் உள்ளே ஒரு பேட்டரி போக, கழற்றக்கூடிய பின் பேட்டரி ஒன்றும் உண்டு; அது அடுத்து வந்த டி480-க்கும் பொருந்துவது என்பதால் இன்னும் சில காலம் மாற்றுப் பேட்டரி கிடைக்கும்.

கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பி டி470-இல் 7300யூதான் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். டி470-ஐ ஆறாம் தலைமுறைப் பிராசஸரோடும் விற்றார்கள். கேபி லேக்கை விண்டோஸ் 7-இல் மைக்ரோசாஃப்ட் ஆதரிக்காததால், அந்த விண்டோஸை விடாமல் வைத்திருந்த நிறுவனங்களுக்கு அது தேவைப்பட்டது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசஸரின் முழுப் பெயரும் தெரியும். கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று கடவுச்சொல் கேட்கிறதா என்றும் பாருங்கள். நிறுவனம் போட்ட நிர்வாகக் கடவுச்சொல் நீங்காமல் இருந்தால் அந்தக் கணினியை வாங்க வேண்டாம். அதை எடுப்பது பெரும்பாடு.

மறுமொழி 2 – தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தாப்பா

ஐயா, மேலே அண்ணன் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மகள் காணொளி நிறையப் பார்ப்பாள் என்றால் இரண்டு பிராசஸர்களுக்கும் நடுவே உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. யூடியூப் பெரும்பாலும் விபி9 என்ற முறையில் காணொளியைச் சுருக்கி அனுப்புகிறது. 7300யூவில் படம் காட்டும் பகுதியான எச்டி கிராஃபிக்ஸ் 620 அதை முழுவதுமாகத் தன் சுற்றிலேயே விரித்துவிடும். 6300யூவில் உள்ள எச்டி 520-ஆல் அது முழுமையாக முடியாது. வேலையின் ஒரு பகுதி பிராசஸரின் தலையில் விழும். வகுப்பறைச் சந்திப்பைத் திறந்து வைத்துக்கொண்டே காணொளியும் ஓடினால் விசிறி இரையும், பேட்டரி விரைந்து கரையும்.

இதற்கு மாற்று வழியும் உண்டு. யூடியூபைப் பழைய எச்.264 முறையில் அனுப்பச் செய்யும் நீட்சியை உலாவியில் நிறுவிவிட்டால் 6300யூவும் சிரமமின்றிக் காட்டும். என் வகுப்பறைக் கணினி அப்படித்தான் ஓடுகிறது. புதிய ஏவி1 முறையை இரண்டுமே வன்பொருளில் விரிக்காது.

8 ஜிபி ரேம் ஒரே அட்டையாக இருக்கிறதா, 4-உம் 4-உமாக இருக்கிறதா என்று கேளுங்கள். இவற்றின் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ரேமையே பகிர்ந்துகொள்கிறது. இரண்டு அட்டைகளாக இருந்தால் அதற்குப் பாதை அகலமாகும்.

மறுமொழி 3 – பத்தாங் காலி வாசகர்

எல்லோரும் வன்பொருளைப் பற்றியே பேசுகிறோம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் இவரிடம் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11-க்கான இன்டெல் பட்டியல் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையில் ஓரிரண்டு விதிவிலக்குகள் இருந்தாலும் 7300யூ அவற்றில் இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் 170 வெள்ளி அதிகம் கொடுத்தாலும் இரண்டும் ஒரே படியில்தான் நிற்கின்றன. தனிநபர்கள் பதிந்துகொண்டால் கிடைக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான்.

இன்னும் கொஞ்சம் பணம் சேர்க்க முடிந்தால் டி480-ஐத் தேடுங்கள் என்பேன். அதில் வரும் ஐ5-8250யூ அதே 15 வாட்டில் 4 கோர், 8 திரெட் கொண்டது. விண்டோஸ் 11 பட்டியலிலும் இருக்கிறது. ஆறுக்கும் ஏழுக்கும் இடையே உள்ளது ஒரு சின்னப் படி. ஏழுக்கும் எட்டுக்கும் இடையே உள்ளது ஒரு மாடி. முடியாது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு, தமிழ்99 விசைப்பலகையும் அமைத்துக்கொள்ளலாம். கூகள் வகுப்பறை உலாவியிலேயே திறக்கும். எக்செல் கோப்பை லிப்ரே ஆபிஸில் திறக்க முடியும், ஆனால் கோயில் கணக்கில் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஏதும் இருந்தால் முதலில் சோதித்துப் பாருங்கள்.

கேட்டவர் – சுங்கை சிப்புட் கிராணி

மூவருக்கும் நன்றி. எட்டாம் தலைமுறையைப் பற்றிச் சொன்னது உண்மை, ஆனால் பட்டணத்தில் டி480-க்குச் சொன்ன விலை இப்போது எட்டாது. பள்ளி திறக்குமுன் வாங்கியாக வேண்டும்.

நேற்று மகளையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். டி470-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்தவள் அவள்தான். அதில் “ஐ5-6300யூ, 2.40 கிகாஹெர்ட்ஸ்” என்று இருந்தது. பிராசஸர் மாறியிருப்பது கடைக்காரருக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் மறுபேச்சின்றி 80 வெள்ளி குறைத்தார். ஈப்போ அண்ணன் எச்சரிக்காமல் இருந்திருந்தால், ஒரே பிராசஸருக்கு இரண்டு விலை கொடுத்திருப்பேன்.

பயாஸில் கடவுச்சொல் இல்லை. ரேம் ஒரே அட்டைதான். இன்னோர் இடம் காலியாக இருக்கிறது. விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையை எடுத்தோம்: பின் பேட்டரியின் முதல் கொள்ளளவு 48 வாட்-மணி, இப்போது முழுதாக ஏறுவது 37. மின்சாரம் போகும் ஊருக்கு ஆகுமா என்று பார்க்கச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பின் பேட்டரியையும் கழற்றச் சொன்னேன். உள்ளே இருக்கும் முன் பேட்டரியில் திரை அணையாமல் நின்றது. பிறகுதான் 640 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன்.

இன்று மாலை அதே 6300யூவில் ஆசிரியை சொன்ன நீட்சியை நிறுவியிருக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஈப்போ வருகிறேன் அண்ணா, தெர்மல் பேஸ்ட் மாற்ற. 4 ஜிபி டிடிஆர்4 அட்டை ஒன்று இருந்தால் எடுத்து வையுங்கள்.