ஸ்ட்ரிப் கயாக் (மெல்லிய மரப் பட்டிகளை ஒட்டிச் செய்யும் துடுப்புப் படகு) கட்டியவர்களே, இன்னும் மனதை உறுத்தும் ஒரு சம்பவம்?

இழைப்புளி:
ஏழாம் நம்பர் அச்சு, அதாவது ஸ்ட்ரிப்பை வளைத்து ஒட்டுவதற்காகப் படகின் வடிவில் வரிசையாக நிறுத்தும் பலகைகளில் ஏழாவது. நினைத்தாலே இன்னும் வயிற்றைப் பிசைகிறது. ஸ்ட்ரிப் எல்லாம் ஒட்டி, இழைத்து, வெளிப்பக்கம் ஃபைபர் துணியும் போட்டாயிற்று. அடிக்கூட்டை அச்சிலிருந்து கழற்ற வேண்டியதுதான் பாக்கி. இரண்டு முனையும் அசைந்து கொடுத்தன, நடுவில் மட்டும் வர மறுத்தது. 16 அச்சுக்கு ஓரத்தில் டேப் ஒட்டியவன் ஏழாவதை விட்டிருக்கிறேன். பிதுங்கிய பசை அதையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. பொறுமையாக அச்சை அறுத்து எடுத்திருக்கலாம். நான் சுத்தியலால் தட்டினேன். மூன்றாவது தட்டில் ‘படக்’. படகே போய்விட்டது என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். பார்த்தால் உடைந்தது அச்சுதான். உள்பக்கம் ஒரு சிராய் மட்டும் பெயர்ந்திருந்தது. ஒட்டுப்போட்டேன். படகு நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஏறி உட்கார்ந்தால் இடது முழங்கால் சரியாக அங்கேதான் உரசுகிறது.

ஒற்றைத்துடுப்பு:
எனக்குக் குமிழி. ஃபைபர் துணியில் எபாக்ஸி (ஹார்டனர் கலந்தால் இறுகும் பிசின்) ஊறும்போது வெள்ளை மறைந்து செடார் மரத்தின் நிறம் மேலே வருமே, அதைப் பார்க்கத்தானே இத்தனை மாத வேலையும்! காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். பதினொன்றுக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தால் முனைக்கு முனை குண்டூசித் தலை அளவில் குமிழிகள். ஒன்றைக் குத்தினால் பக்கத்தில் இரண்டு. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருந்த காற்று விரிந்து வெளியே வந்திருக்கிறது. சூடு இறங்கும் மாலையில் பூசியிருந்தால் மரம் எபாக்ஸியை உள்ளே இழுத்திருக்கும். இது எனக்கு முன்பே தெரியும், அதுதான் எரிச்சல். லீவு நாள், காலையிலேயே கை பரபரத்தது.

பழையகை:
குமிழிக்காரருக்கு: எல்லாப் பழியையும் வெயில் மேல் போடாதீர்கள். ரோலரை வேகமாக ஓட்டினாலும் எபாக்ஸி நுரைக்கும். பிளாஸ்டிக் தகடால் மெதுவாக இழுத்திருந்தால் காற்றும் போயிருக்கும், அதிகப்படி எபாக்ஸியும் போயிருக்கும், படகும் கனத்திருக்காது. அச்சை உடைத்தவருக்கு: டேப் மறந்தது தப்பில்லை, சுத்தியல் எடுத்ததுதான் தப்பு.

என் கதை சின்னது. ஒரே கப்பில் எபாக்ஸியும் ஹார்டனரும் நிறையக் கலந்து வைத்துவிட்டு போன் எடுக்கப் போனேன். திரும்பினால் புகை, கப் உருகி மேஜையோடு ஒட்டியிருந்தது. கலந்ததை உடனே அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள், சூடு சேராது.

அப்புறம், யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டாதீர்கள். இறுகாது, பிசுபிசுத்தே நிற்கும். ஈரப்பதமான நாளில் இறுகிய எபாக்ஸி மேல் மெழுகு போல ஒரு படலம் வரும். அதைத் தண்ணீர் விட்டுத் துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் அடுத்த பூச்சு பிடிக்காது. கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடாதீர்கள். அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் போகாது, எபாக்ஸி வேலையையே விட வேண்டி வரும். செடார் தூள் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும், முகமூடி போடுங்கள். வார்னிஷ் அழகுக்கு என்று தள்ளிப்போடாதீர்கள், வெயில் பட்டால் எபாக்ஸி கெட்டுவிடும்.

இழைப்புளி:
சுத்தியல் தப்பு என்றுதானே ஐயா நானே எழுதியிருக்கிறேன்.

ஒற்றைத்துடுப்பு:
நான் ரோலரே தொடவில்லை. தகடுதான்.

மரத்தூள்:
சண்டைக்கு நடுவில் என்னுடையதும். அடிப்பாகத்தின் நடுவில் வரும் கடைசி ஸ்ட்ரிப். இரண்டு பக்கமும் கூர்மையாக முடிய வேண்டும், இழைத்து இழைத்து வைத்துப் பார்க்க வேண்டும். ராத்திரி ஒரு மணி. இன்னும் ஒரே ஒரு இழைப்பு என்று தள்ளினேன். அரை மில்லிமீட்டர் அதிகமாகப் போய்விட்டது. மரத்தூளையும் எபாக்ஸியையும் குழைத்து அடைத்தேன். காய்ந்ததும் அந்தக் கோடு மரத்தைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. காலையில் அப்பா வந்தார். ஐந்து மீட்டர் படகில் வேறெங்கும் பார்க்காமல் நேராக அங்கே போய்க் கட்டைவிரலால் தடவினார். “தூக்கக் கலக்கமா?” என்றார்.