பொதுவீட்டுப் பரணில் துப்பாக்கி: விடுதலைக்குப் பின் என்ன?

கானாடுகாத்தான்காரன்:
பங்காளிகள் அனைவருக்கும் பொதுவான எங்கள் பூர்வீக வீட்டின் பரணில் பழைய நாட்டுத் துப்பாக்கி இருந்ததற்காக, வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த என் சித்தப்பாவுக்கு நடுவர் நீதிமன்றம் விதித்த தண்டனையை, மேல்முறையீட்டில் அமர்வு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அரசு இன்னும் மேலே செல்ல முடியுமா? கட்டிய அபராதம் என்னவாகும்?

சிவகங்கை வழக்கறிஞர்:
முடியும். 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆயுதச் சட்டத்தில் 'வைத்திருத்தல்' என்பது அறிந்து வைத்திருப்பதையும், பொருள் தன் கட்டுப்பாட்டில் இருப்பதையுமே குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1972இலேயே குன்வந்த்லால் வழக்கில் விளக்கியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான ஒவ்வொரு தனிக் குடும்பத்துக்கும்) தனி அறையும் தனிச் சாவியும் உள்ள நம் செட்டிநாட்டு வீடுகளில், எல்லோரும் ஏறி இறங்கும் பரணை ஒருவர் தலையில் கட்டுவது எளிதல்ல. (விசாரணையிலேயே இதை வலியுறுத்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.) அபராதத்தைத் திருப்பித் தரும் உத்தரவு தீர்ப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையெனில் மனுச் செய்யுங்கள்.

பள்ளத்தூர் வாசகர்:
பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழங்காலத் துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தின் பிரிவு 45(இ) விலக்கு அளிக்கிறது. தடயவியல் அறிக்கை என்ன சொன்னது? வழக்குத் தொடர மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி பெறப்பட்டதா?

கானாடுகாத்தான்காரன்:
அனுமதி இருந்தது, ஐயா. சுட இயலும் என்றே அறிக்கை கூறியது. பரண் பொதுவானது என்பதால்தான் விடுதலை.

சிவகங்கை வழக்கறிஞர்:
அப்படியானால் துப்பாக்கியைத் திரும்பக் கேட்காதீர்கள். உரிமம் இல்லாமல் அதை வைத்திருக்க முடியாது.