புதுப்பிப்பு: வாடகை கார் விபத்து, இழப்பீடு எந்த நிலையில் இருக்கிறது

செயலியில் பிடித்த கார் முன்வண்டியில் மோதி, பின்சீட்டில் இருந்த எனக்குக் கழுத்தில் அடிபட்டதை முன்பு எழுதியிருந்தேன். யாரிடம் இழப்பீடு கேட்பது என்பதுதான் அப்போது குழப்பம்.

ஓட்டுநரின் சொந்தக் காப்பீட்டில் கைவிரித்துவிட்டார்கள். வாடகைக்கு ஓட்டினால் அந்தப் பாலிசி செல்லாதாம். கைகொடுத்தது பயண ரசீது. ஏறிய நேரமும், மோதிய இடத்தில் பாதியில் நின்ற வரைபடக் கோடும் அதில் இருந்தன. பயணத்தின் நடுவில்தான் விபத்து என்று அதை வைத்தே செயலி நிறுவனத்தின் காப்பீட்டில் கோரிக்கை பதிவானது.

அப்புறம், அந்தக் காப்பீட்டுக்காரர்கள் முதல் வாரமே ஒரு தொகை சொல்லி, "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று கையெழுத்து கேட்டார்கள். நல்லவேளை, போடவில்லை. மூன்றாம் வாரம்தான் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. ஸ்கேனில் கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு (டிஸ்க்) பிதுங்கியிருந்தது. சிகிச்சை முடியட்டும், ஆனால் வழக்குக்கான காலக்கெடு தாண்டக்கூடாது என்கிறார் வக்கீல். அந்தத் தேதியைக் கோப்பின் மேலட்டையிலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.