பழைய இரும்பு, கிழிந்த வலை, பால் கவர்: கலை ஏலங்களில் நீங்கள் பார்த்தது என்ன?

வேளச்சேரி வாசகி:

எங்கள் பகுதி ஏரியைச் சுத்தம் செய்யப் பணம் திரட்ட ஒரு கலை ஏலம் வைத்தார்கள். எல்லாமே வீசி எறிந்த பொருளில் செய்தவை, எல்லாமே உள்ளூர்க்காரர்கள் செய்தவை. நீங்களும் இந்த மாதிரி விழாக்களுக்குப் போயிருப்பீர்கள், அதனால் சாமியானா, சுண்டல், வரவேற்புரை எல்லாம் விட்டுவிடுகிறேன்.

நடுவில் ஒரு நாரை நின்றது. ஆளுயரம். கழுத்து முழுக்க சைக்கிள் செயின், இறக்கைக்கு ஸ்போக்ஸ் கம்பி, கால் மூட்டுக்குப் பழைய பேரிங். செய்தவர் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்துப் போடும் கடையில் வேலை செய்கிறவர். ஏரிக்கரையில் நின்று நாரைகளைப் பார்த்துவிட்டுத்தான் கழுத்தை வளைத்தேன் என்றார். பார்த்தாலே தெரிந்தது. இரையைக் கண்டதும் கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, கொத்துவதற்கு முன் அசையாமல் நிற்குமே, அதே நிலை.

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். நல்ல விலைக்குப் போனது. எடுத்தவர் பெயரை மைக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பொன்னாடை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். நாரையின் காலடியில் இருந்த அட்டையில் "அன்பளிப்பு: உள்ளூர் கலைஞர்" என்று மட்டும் அச்சடித்திருந்தது. போட்டோ எடுக்கும்போது வெளிச்சத்தை மறைக்கிறார் என்று நாரையைச் செய்தவரைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஏலத்தில் எடுத்தவரிடம் போய், "சார், இடது கால் லேசா ஆடுது. அட்ரஸ் குடுத்தீங்கன்னா வீட்டுக்கே வந்து ஒரு வெல்டு வெச்சுத் தர்றேன்" என்றார்.

அவருக்கு அன்று பஸ் செலவாவது கொடுத்தார்களா என்று விசாரித்தேன். கொடுக்கவில்லை. அதிலிருந்து மனசு ஆறவே இல்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பந்தலூர்க்காரன், இப்போது லண்டன்:

2021 கோடை. கிரீன் பார்க் வழியாக நடந்து போனபோது புல்வெளியில் யானைக் கூட்டம். உண்ணிச்செடிக் (லன்டானா) குச்சியில் செய்த யானைகள்தான், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் செய்தி எதுவும் படிக்காமல் போனவன். கிட்டே போய்க் காதோரம் குச்சியின் கணுவைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. காவலுக்கு நின்றவர் ஓடி வந்து, தொடக்கூடாது என்றார். எங்கள் ஊர்க் குச்சி என்று அவருக்கு எப்படிச் சொல்வது? எங்கள் அம்மா அடுப்புக்கு ஒடித்த குச்சி. தோட்டத்தில் வெட்ட வெட்ட முளைக்கும் குச்சி. வெள்ளைக்காரன் அழகுக்காகக் கொண்டுவந்து வைத்த செடி காட்டையே மூடி, யானைக்குப் புல் கிடைக்காமல் செய்துவிட்டது. அதே செடியை வெட்டி, தோல் உரித்து, வேகவைத்து, இரும்புக் கூட்டின் மேல் வளைத்து யானையாக்கியவர்கள் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், சோலிகர் பழங்குடிகள். ஒவ்வொன்றும் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் நிஜமாகவே நடமாடும் ஒரு யானையைப் பார்த்துச் செய்தது. விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழும் வேலைக்குப் போகிறது. 2024-இல் நூறு யானைகள் அமெரிக்காவுக்கும் போயின, ரோட் தீவின் நியூபோர்ட்டில் தொடங்கி.

வாசகி அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த யானைகளைச் செய்தவர்களுக்குக் கூலி உண்டு. நல்ல காரியம் என்பதற்காக யாரும் இலவசமாக வளைத்துக் கொடுக்கவில்லை. அப்படி நடத்த முடியும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

மதுரை கமிட்டி:

நான் இந்த மாதிரி விழாக்களை நடத்துகிற தரப்பு. வாசகி சொன்னதில் பாதி நியாயம். அட்டையில் பெயர் போடாதது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் "பஸ் செலவு கொடுத்தார்களா" என்று கேட்பதற்கு முன் ஒரு விழாவை நடத்திப் பாருங்கள். போன முறை எங்கள் பகுதி நூலகத்துக்காக ஏலம் வைத்தோம். மழை வந்து பாதிப் பேர் வரவில்லை. மைக் செட்டுக்காரர் கணக்கை முடிக்காமல் நகரமாட்டேன் என்று மேடைக்குப் பக்கத்திலேயே நின்றார். எங்கள் செயலாளர் தன் மோதிரத்தைக் கழற்றி அவர் கையில் வைத்ததை நான் பார்த்தேன். அதை யாரும் மைக்கில் சொல்லவில்லை.

கலைஞர் மனமுவந்து கொடுத்தார். கொடுத்ததற்குக் கூலி பேசினால் அது அன்பளிப்பா? அவருக்கும் நாலு பேர் அறிமுகம் ஆகிறார்கள், ஆர்டர் வருகிறது. லண்டன் தம்பி சொல்வது பெரிய பெரிய புரவலர்கள் இருக்கும் இடத்துக்குச் சரி. வார்டு அளவில் நடக்கிற விழாவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

ஜன்னல் ஓவியக்காரி:

கமிட்டி அண்ணாவுக்கு. மைக் செட்டுக்காரர் கணக்கை முடிக்காமல் நகரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாமியானாக்காரருக்குக் கொடுத்தீர்கள், சுண்டலுக்குக் கொடுத்தீர்கள். விழாவுக்கு எதைப் பார்க்க ஆள் வந்ததோ, அதைச் செய்தவரை மட்டும் ஏன் மனமுவந்து கொடுக்கச் சொல்கிறீர்கள்?

நான் இடித்த வீடுகளின் ஜன்னல் கதவுகளில் வரைகிறவள். காரைக்குடிப் பக்கம் கிடைக்கும் பழைய தேக்குச் சட்டம். சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பழைய பெயிண்டில் எது தங்கட்டும், எது போகட்டும் என்று பார்த்துப் பார்த்து விடுவேன். ஒரு விழாவில் என் ஜன்னல் படு சல்லிசாகப் போனது. நல்ல காரியம்தானே என்று நானும் கைதட்டினேன். எடுத்தவர் அங்கேயே என்னிடம் வந்து, "இதே விலைக்கு வீட்டுக்கு இன்னும் ரெண்டு செஞ்சு குடுத்துடுங்கம்மா" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவரும் தலையாட்டினார். ஏலத்தில் போன விலைதான் என் விலை என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நீங்கள் சொல்லும் அறிமுகம் இதுதான் அண்ணா. அதற்கு முன் கிடைத்துக்கொண்டிருந்த விலைக்கு வர எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

அப்புறம், கலைஞர்களுக்குக் கணக்கு தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் 1966-இல் எப்படி வந்தது? கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். தங்கள் வேலைக்குத் தாங்களே விலை வைத்தார்கள், தங்கள் ஓவியம் வரையும் நேரத்தை அதில் சம்பாதித்தார்கள். நிதி திரட்டுவது என்றால் எனக்கு அதுதான்.

கணக்குப்பிள்ளை:

நான் தணிக்கை அலுவலகத்தில் இருப்பவன். ஒரு பள்ளியின் நிதி விழாவில், பழைய கணினி பலகைகளில் செய்த புத்தர் முகத்தை ஒருவர் ஏலத்தில் எடுத்துவிட்டு, "80ஜி ரசீது கொடுங்கள்" என்று, அதாவது நன்கொடைக்கு வருமான வரிக்கழிவு பெறும் ரசீது கேட்டு, மேடையிலேயே சண்டை போட்டார். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் நடத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

ஏலத்தில் பொருள் வாங்குவது நன்கொடை ஆகாது. பணம் கொடுத்தார், பொருள் பெற்றார், அது விற்பனை. வரிக்கழிவு பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான், அதுவும் பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் கிடையாது, காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ வேண்டும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கழிவே இல்லை. இன்னொன்று, இந்தப் பேச்சுக்கு நேராகத் தொடர்புள்ளது: பொருளாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. அதாவது கலைஞர் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த சிலையைச் சும்மா கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் எதையும் கொடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நன்கொடைக் காசோலை எழுதியவர்தான் கொடையாளி.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: ஏலம் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பொருளின் பெயர், செய்தவர் பெயர், குறைந்தபட்ச விலை, அதற்குக் கீழே போனால் பொருள் திரும்ப வரும் என்ற நிபந்தனை, விற்ற தொகையில் செய்தவருக்கு எவ்வளவு, எத்தனை நாளில். பாதிக்குப் பாதி என்று வைப்பவர்கள் இருக்கிறார்கள், மூலப்பொருள் செலவை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தைப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும் தாளில் இருக்கட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஆர்க் வெல்டர்:

எல்லோரும் காசைப் பற்றியே பேசுகிறீர்கள். வாசகி, அந்த நாரையின் கால் ஏன் ஆடியது தெரியுமா? மூட்டில் வைத்த பேரிங் கடினப்படுத்திய இரும்பு. சாதாரணக் கம்பியோடு அதை ஒட்டவைத்தால், சூடு ஆறும்போது ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். வீட்டில் போய் ஒரு வெல்டு வைத்தாலும் மறுபடி விடும். கனமான அடித்தட்டு போட்டு இரண்டு காலையும் அதில் இறக்கியிருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாராவது பிள்ளைகளை வைத்துப் பழைய இரும்பில் சிலை செய்யக் கிளம்புவீர்கள், அதற்காகச் சொல்கிறேன். செயினைக் கெரசினில் ஊறவைத்துக் கிரீஸை எடுத்து, துடைத்து நன்றாகக் காயவிடாமல் நெருப்புக் காட்டாதீர்கள். வெல்டு வைத்த சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை அப்படியே வெல்டு செய்தால் வெள்ளைப் புகை வரும். அது உள்ளே போனால் ராத்திரி குளிர் காய்ச்சல் தூக்கிப் போடும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். வண்டியின் ஷாக் அப்சார்பரை எந்தக் காரணத்துக்கும் சூடு பண்ணாதீர்கள், உள்ளே எண்ணெய் அடைபட்டிருக்கும், வெடிக்கும். பழைய பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தாலும் வெடிக்கும், உள்ளே ஆவி நிற்கும். பிவிசி பைப்பைக் கொளுத்தி வளைக்கிறார்கள், அந்தப் புகை நெஞ்சை அரித்துவிடும். வெல்டிங்குக்கான கருப்புக் கண்ணாடி இல்லாமல் வேடிக்கை பார்க்கக்கூட விடாதீர்கள். கடைசியாக ரெட் ஆக்சைடு பூசினால்தான் ஒரு மழைக்காலம் தாங்கும்.

என் அனுபவம் என்று கேட்டால், ஒரு விழாவுக்குக் கிளட்ச் பிளேட்டில் ஆமை செய்து கொடுத்தேன். எடுத்தவர் வீட்டில் அதை வாசல் கேட்டுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருப்பதைப் பார்த்தேன். அதன்பிறகு ஏலத்துக்குக் கொடுப்பதில்லை.

மன்னார்ப் பிள்ளை:

எங்கட பக்கத்தில் தேவாலயத் திருத்த வேலைக்குக் காசு சேர்க்க ஒரு கண்காட்சி வைத்தார்கள். கடலில் கைவிட்டுப்போன நைலோன் வலைகளை எடுத்து வந்து, வலை ஊசியாலேயே மீன், திருக்கை, சிங்கிறால் என்று பின்னியிருந்தார்கள், எல்லாம் மீன்பிடிக் குடும்பத்துப் பெண்கள். கைவிட்ட வலை கடலுக்குள் கிடந்தும் மீன் பிடித்துக்கொண்டேதான் இருக்கும், ஆமையையும் விடாது. அதனால் அதை வெளியில் எடுத்ததே பெரிய காரியம்.

கொழும்பிலிருந்து வந்த ஒருவர் திருக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு விலை குறைக்கச் சொல்லிக் கேட்டார். அதைப் பின்னின அக்கா சொன்ன விலையே சந்தையில் ஒரு கிலோ இறால் விலை வராது. அவர் "பழைய வலைதானே, சும்மா கிடைச்சதுதானே" என்றார். அக்கா திருக்கையின் வாலைப் பிடித்துக் காட்டி, "இந்த முடிச்சு எங்கட அப்பா பழக்கினது. அதைச் சும்மா தரலாமோ?" என்று கேட்டா. அவர் வாங்காமல் போய்விட்டார். கமிட்டி ஐயாவுக்கு இதை வாசிக்கச் சொல்லுங்கோ. பொருள் சும்மா கிடைத்தது என்றால் கையும் சும்மா கிடைத்தது என்றுதான் நினைக்கிறார்கள்.

மதுரை கமிட்டி:

வாசித்தேன் தங்கச்சி. அந்த அக்கா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கணக்குப்பிள்ளை சொன்ன தாளை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். ஆனால் குறைந்தபட்ச விலை வைத்தால் வார்டு விழாவில் பாதிப் பொருள் விற்காமல் நிற்கும். அதற்கு யாராவது வழி சொன்னால் கேட்கிறேன்.

கிராமத்து டீச்சர்:

வழி எனக்குத் தெரியாது. எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். விளையாட்டுச் சாமான் வாங்க, பிள்ளைகள் செய்ததை விற்றோம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கழுவின பால் கவரைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, பாட்டி கூடை முடைகிற அதே பின்னலில் கோழிக்கூடு ஒன்று பின்னியிருந்தாள். உள்ளே குச்சி வைத்து அடைக்கிற கதவுகூட இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்து எடுத்தார். பிள்ளை ஓடிப்போய் அவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "பாட்டிக்குக் காட்டல, காட்டிட்டுத் தர்றேன்" என்கிறாள். அந்த அம்மா சரி என்று இறங்கி, பிள்ளையோடு அவள் வீட்டுக்கே நடந்து போனார். பாட்டி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூலையில் பின்னல் தளர்ந்திருக்கிறது, இதைக் காசுக்குக் கொடுக்கக்கூடாது, அவிழ்த்து மறுபடி போடு என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா பணத்தை என்னிடமே விட்டுவிட்டு, தயாரானதும் சொல்லுங்கள் என்று போனார். பிள்ளை இப்போது இரண்டாவது கூடு பின்னிக்கொண்டிருக்கிறாள், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பால் கவர் போதவில்லை என்று எல்லா வீட்டிலும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.